சவரிமேரியின் விதைச் சாம்பல்

கடலூர் முதுநகரில் சவரிமேரியிடம் கத்தரிக்காய் கேட்டால் மடி நிறையக் கிடைக்கும். விதை கேட்டால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது. வெள்ளை வரி ஓடிய அந்தக் கத்தரி அவளுடைய அம்மா வீட்டுச் சொத்து. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த விதை இருந்தது ஒரே இடத்தில்தான்: அவள் அடுப்படி மூலையில், சாம்பலோடு கலந்து வைத்த மண்கலயத்தில்.

பக்கத்து வீட்டு லோகநாயகி வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தாள்.

"எல்லார் கைக்கும் மொளைக்காது லோகு" என்று தட்டிக் கழிப்பாள் சவரிமேரி.

அந்தக் கோபத்தை லோகநாயகி வேறு கணக்கில் தீர்ப்பாள். பாத்திரம் துலக்குகிற தண்ணீர் தன் கொல்லைக்கு ஓடி வருகிறதென்று வேலியோரம் சண்டைக்கு நிற்பாள்.

"தண்ணி பள்ளத்துக்குத்தாண்டி போவும். மேட்டுல ஏறுன்னு நான் சொல்லவா?" என்பாள் சவரிமேரி.

மாசி பிறந்தால் சவரிமேரிக்கு நாற்று விடும் நினைப்புதான். மக்கிய எருவையும் மணலையும் சலித்துத் தொட்டியில் நிரப்பி, சாம்பலும் விதையுமாகத் தூவி, மேலே வைக்கோல் பரப்பிக் கையால்தான் தண்ணீர் தெளிப்பாள். குடத்தைக் கவிழ்த்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடுமென்று புருஷன் இன்னாசிராஜைத் தொட்டிப் பக்கமே விடமாட்டாள். பாவம், அவர் துறைமுகத்தில் மூட்டை கணக்குப் பார்ப்பவர். விதைக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாது.

அறுபத்து மூன்றாம் வருஷம், விபூதிப் புதனுக்கு முந்தின நாள். மறுநாள் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம்; அது முடியும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது. கறிச்சட்டியெல்லாம் வாடை போகத் துலக்கிப் பரணில் ஏற்றியாக வேண்டும். பாதியில் சாம்பல் தீர்ந்துவிட்டது.

"ஏங்க, கொஞ்சம் சாம்பல் எடுத்தாங்க!"

இன்னாசிராஜ் கைக்கு அகப்பட்டதை முறத்தில் கொட்டிக்கொண்டு வந்தார். சவரிமேரி அழுத்தித் தேய்த்தாள்.

"நல்லா நறநறன்னு இருக்குங்க. சட்டி எப்படிப் பளபளக்குது பாருங்க!" என்று மெச்சவும் செய்தாள்.

இரண்டு நாள் கழித்து விதைக்கக் கலயத்தைத் திறந்தாள். காலி. புருஷனைத் திட்ட வாயெடுத்தவள், சட்டி தேய்த்த தன் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போய்க் கேட்கலாமென்றால் எந்த வீட்டில் கேட்பது? யாருக்காவது நாலு விதை கொடுத்திருந்தால்தானே! அம்மாவே இரண்டாம் தடவை செத்துப்போன மாதிரி அழுதாள். அந்தத் தபசுகாலத்தில் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் லோகநாயகி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"மேரியக்கா, உங்க தண்ணி வர்ற எடத்துல கத்திரி நாத்து மண்டிக் கெடக்கு. வந்து பாருங்க."

சவரிமேரி ஓடினாள். பாத்திரம் துலக்கின தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் நெடுக விரல் உயரத்துக்குப் பசேலென்று நின்றிருந்தது. எந்தத் தொட்டியிலும் இத்தனை முளைத்ததில்லை.

"என் வெதைடி லோகு! பாதிய நீ எடுத்துக்க."

"என் மண்ணுல மொளைச்சத எனக்கே பாதி குடுக்குறீங்களா?"

சவரிமேரிக்கு முகம் சுருங்கிப்போனது.

"சரி. எனக்குப் பாதி குடுடி."

லோகநாயகி சிரித்துவிட்டாள். வேர்மண் உதிராமல் பெயர்த்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த சவரிமேரி அந்த நாற்றை நான்கு கட்டாகப் பிரித்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு, மீதி மூன்றைப் புருஷனிடம் நீட்டினாள்.

"தெருவுல மூணு வீட்டுக்குக் குடுத்துட்டு வாங்க."

"நீயா சொல்ற மேரி?"

"ஆமா. நாளைக்கு நீங்க மறுபடியும் சாம்பல் எடுத்துத் தந்தா, போயிக் கேக்க எனக்கு நாலு வீடு வேணுமில்ல?"