சர்வரில் இல்லாத பிரேக்

அலுவலகத்தில் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. கீபோர்டுகளையும் ஒரு கண்ணாடிக் கதவையும் உடைத்தவர். அப்பா போன பிறகு தம்பியை அடித்தே ஆளாக்கியவர்; அவனுக்கு வேலையும் தன் பக்கத்து நாற்காலியிலேயே வாங்கிக் கொடுத்தார்.

லிஃப்டை ஓட்டும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. நிரலைச் சேர்த்துவைக்கும் கிடங்கை ரெப்போ என்போம்; பெரிய ரெப்போ அண்ணன் கையில். அதற்குள்ளேயே தனிக்குடித்தனம் நடத்தும் சின்ன ரெப்போ, பிரேக்குக்கானது, தம்பி கையில். சின்னதில் எழுதியது எதுவும் பெரியதில் இருக்காது. சின்னதிலிருந்து எந்த மாற்றத்தை எடுக்க வேண்டும் என்ற அடையாள எண் மட்டும் பெரியதில் இருக்கும்.

ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கியது. தம்பி முட்டி மோதிச் சரிசெய்தான். சந்தோஷத்தில் புதிய எண்ணைப் பெரியதில் ஏற்றி அனுப்பியவன், சின்னதைச் சர்வருக்கு அனுப்ப மறந்துவிட்டான். எண் எல்லோருக்கும் போனது. எழுதியது அவன் லேப்டாப்பில் மட்டும் கிடந்தது.

மதியம் எல்லோர் திரையிலும் பிழை என்று சிவப்பு.

"எங்கடா அது? சர்வர்ல இல்ல. பாக்கெட்ல வச்சிருக்கியா?"

"எனக்கு ஓடுதேண்ணே."

"துரைக்கு மட்டும் ஓடுமாம்! வேலையே செய்யாம எண்ணை மட்டும் மாத்திட்டியா?"

"கொஞ்சம் பாருண்ணே..."

அறை விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தான். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். எழுந்தவனின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். லேப்டாப்பைத் தூக்கி மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். திரை தெறித்தது. தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தார். உள்ளே பச்சைத் தகடு பிளந்தது.

டெஸ்டிங் அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"அய்யோ, விடுங்க சார்! சர்வருக்குப் புஷ் பண்ண மறந்திருக்கான். அது இருந்த ஒரே இடம் இதுதான்!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கினார். பிளந்த தகட்டைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது விரலில் வெட்டு விழுந்தது. "மறுபடி எழுதிடலாம்டா. நீ சொல்லு, நான் டைப் பண்றேன்."

தம்பி ரத்தத்தைத் துப்பினான். "எழுதுவேன். உன் பக்கத்துல உட்கார்ந்து இல்ல."

பையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனான்.

மேலாளர் பழைய எண்ணுக்கே திருப்பச் சொன்னார்.

"அதுல லிஃப்ட் வழுக்கும் சார். நான்தான் உடைச்சேன்னு ஆஸ்பத்திரில சொல்லிடுங்க." சுத்தியல் எண்ணைத் தொடவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் பூட்டியே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி வீட்டிலிருந்து எழுதியது சர்வருக்கு வந்தது. புதிதாக எழுதியதால் வேறு எண். கூடவே ஒரு வரி: 'பிரேக் சரி. இந்தத் தடவை சர்வர்லயே இருக்கு.'

சுத்தியல் கட்டுப்போட்ட விரலால் பெரியதில் எண்ணை மாற்றினார். ஓடியது. "டேய்" என்று திரும்பினார். பக்கத்து நாற்காலியில் யாரோ பழைய மானிட்டரை வைத்திருந்தார்கள்.