கணக்கு உரிமையாளரின் குரல்

ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்து மாட்டிவிடுவது அவள் தொழில். சொந்த வீட்டு ஜன்னலில் மட்டும் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தாள். யாராவது கேட்டால், "நம்ம வீட்டுக்குத் தைக்கறப்போ கூலி யார் குடுப்பா?" என்று சிரிப்பாள். எல்லோருக்கும் அவள் திரைக்கார அக்கா. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த சட்டையோடு வீட்டுக்கு வருவார். தைத்துக்கொண்டிருக்கும் துணியில் அவர் கை பட்டுவிடாமல் காப்பதே அவளுக்குப் பெரும்பாடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, துணி உலர்த்த மொட்டைமாடி. வங்கிக் கடனில் வாங்கிய வீடு. பிள்ளை இல்லாத அந்த இரண்டு பேரும் அந்த வீட்டைத்தான் பிள்ளையாக வளர்த்தார்கள்.

மெக்கானிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. பஸ்ஸில் கண்டக்டர். முகத்தில் அண்ணன் ஜாடை கொஞ்சமும் கிடையாது. குரல் மட்டும் அச்சு அசல். கண்டக்டர் போனில் பேசினால் அவன் பெண்டாட்டியே சில சமயம், "சொல்லுங்க மாமா, அவர் இன்னும் டூட்டியில இருந்து வரல" என்பாள். பெற்ற தாயே உயிரோடு இருந்த நாளில் ஏமாந்திருக்கிறாள். குடும்பத்தில் பல வருஷமாக ஓடிய வேடிக்கை அது.

ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்த மெக்கானிக் எழுந்திருக்கவில்லை.

அழுது ஓய்வதற்குள் தவணைத் தேதி வந்துவிட்டது. அவர் சம்பளம் நின்றுபோனது. திரைச்சீலை வருமானம் சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்குமே இழுபறி. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனாள். அது சின்ன வங்கியில்லை; எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் பலகை தெரியும். 'நாங்கள் உங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் செத்துப்போனதுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. கவுண்ட்டரில் இருந்த பெண் சான்றிதழின் நகலை வாங்கி எங்கேயோ வைத்தாள். "வீட்டுக் கடன் விஷயமெல்லாம் இங்க இல்லைங்க. உதவி மையத்துக்குப் போன் பண்ணுங்க."

போன் பண்ணினாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, காத்திரு. பாட்டு முடிந்து ஒரு பையன் வந்தான்.

"மேடம், கணக்கு உரிமையாளர்கிட்ட மட்டும்தான் நாங்க பேச முடியும்."

"அவர்தாங்க இறந்துட்டாரு."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா கடன் விவரம் உங்ககிட்ட சொல்லணும்னா அவரோட அனுமதி வேணும்."

"செத்தவர்கிட்ட நான் எப்படிங்க அனுமதி வாங்கறது?"

அவன் கெட்டவன் இல்லை. எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் சொல்வதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச அவனுக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான். இறப்புப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றான். மாற்றும்போது இணைப்பு அறுந்தது. மறுநாளும் அறுந்தது. வேறொரு நாள் சான்றிதழைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினாள். வந்து சேரவில்லை என்றார்கள். திரும்ப அனுப்பினாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே சாமி இருக்கும் திசையே அவளுக்குத் தெரியவில்லை. இதற்கிடையில் வசூல் ஆட்கள் மட்டும் வழி தவறாமல் வந்தார்கள். திரைக்கு அளவு சொல்ல வந்திருந்த ஒரு வாடிக்கையாளர் அம்மா முன்னாலேயே, "வீட்டைப் பூட்டிட்டுப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் கண்டக்டர் ஓய்வு நாளில் அண்ணியைப் பார்க்க வந்தான். அவள் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"தம்பி, நீ பேசு."

"எங்கிட்ட என்ன அண்ணி சொல்லப்போறாங்க?"

"நீயா பேச வேணாம். உங்க அண்ணனா பேசு."

அவன் போனைத் தள்ளி வைத்தான். "தப்பில்லையா அண்ணி?"

"செத்துட்டாருன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. இருக்காருன்னு சொன்னா நம்புவாங்க. நான் என்ன செய்ய?"

அவன் போனைக் கையில் எடுத்தான். பிறகு எண்ணை அழுத்தினான். பிறந்த தேதி கேட்டார்கள். அவள் கடன் காகிதத்தில் விரல் வைத்துக் காட்ட, சொன்னான். அம்மா பெயர் கேட்டார்கள். அதில் மட்டும் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான், வங்கி தேனாகப் பேசியது. "கவலைப்படாதீங்க சார். உங்களை மாதிரி வாடிக்கையாளருக்குத்தான் இந்தத் திட்டமே." ஒரு வருஷத்துக்குத் தவணையைப் பாதியாகக் குறைத்தார்கள். வசூல் ஆட்கள் வரமாட்டார்கள் என்றார்கள். பெண்டாட்டிக்காரி எத்தனையோ நாள் கெஞ்சியும் நடக்காத காரியத்தைச் செத்த மனுஷன் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டார். போனை வைத்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்து, அதே வேகத்தில் அழுதார்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் நினைத்தாள். பாதித் தவணையைத் தைத்தே கட்டினாள். ஆஸ்பத்திரி வார்டுகளுக்குத் தடுப்புத் திரை, பள்ளிக்கூட மேடைக்குத் திரை என்று கிடைத்த எந்த வேலையையும் விடவில்லை. நடுநடுவே வங்கியிலிருந்து, திட்டம் தொடர வேண்டுமா என்று கேட்டுப் போன் வரும். ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் வந்து, திரும்ப அழைத்து, அண்ணனாகப் பேசிவிட்டுப் போவான். "வரவர என் பேரு எனக்கே மறந்துரும் போல அண்ணி" என்பான்.

பூதம் வேறு கிணற்றிலிருந்து புறப்பட்டது. ஒரு வீட்டில் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு ஐயா ஏதோ ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதை கேட்டவர் சாதாரணமாகச் சொன்னார்: "வீட்டுக் கடன்னா கூடவே காப்பீடும் போட்டிருப்பாங்களேம்மா. கடன் வாங்கினவர் இறந்துட்டா மிச்சக் கடனை அதுவே கட்டிரும். நீங்க ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கிளைக்கு ஓடினாள். கவுண்ட்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, ஆமாம், காப்பீடு இருக்கிறது என்றாள். இத்தனை மாதமாக இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே" என்றாள். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. வீடு தனதாகிவிட்டது என்ற சந்தோஷம்தான் இருந்தது. அங்கேயே காப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. துணைக்குக் கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் பெண்டாட்டிக்கு அப்போதுதான் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. வழியெல்லாம் குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

அதிகாரி அமைதியான மனுஷி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்க கணவர் போன வருஷம் இறந்ததா சான்றிதழ் சொல்லுது. ஆனா அதுக்கு அப்புறம் அவரே எங்ககூடப் பல தடவை பேசியிருக்காரு. எல்லாம் பதிவாகியிருக்கு."

ஒரு பொத்தானை அழுத்தினாள்.

'ஆமாங்க, நான்தான் பேசறேன். கொஞ்சம் கஷ்டமா இருக்குங்க. குறைச்சுக் குடுத்தீங்கன்னா கட்டிருவேன்.'

அந்தச் சின்ன அறையில் மெக்கானிக் பேசினார். யார் பேசியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மனுஷன் உயிரோடு இருந்தபோது யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. செத்த பிறகு அவரைக் கெஞ்ச வைத்துவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

"இது ஆள்மாறாட்டம்" என்றாள் அதிகாரி. "யார் குரல்னு தெரிஞ்சா போலீஸுக்கு எழுதுவோம். விசாரணை முடியற வரைக்கும் காப்பீட்டுப் பணம் வராது. குரல் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பக்கத்தில் கண்டக்டர் நாற்காலியில் நிமிர்ந்தான். வாயைத் திறக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த அறையில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் தொலைந்தான். கேஸ் என்று ஒன்று வந்தால் கண்டக்டர் வேலை போகும். வேலை போனால் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலுக்கு யார் கொடுப்பார்கள்?

"தெரியாதுங்க" என்றாள்.

"இவர் யாரு?"

"என் கொழுந்தன். அவருக்கு வாய் பேச வராதுங்க."

அதிகாரியின் முகம் இளகியது. கண்டக்டரைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கையைக் குவித்து ஜாடையில் கேட்டாள். நாள் முழுக்கப் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்துகிறவன் பேசாமல் தலையாட்டினான். தண்ணீர் வந்தது. குடிக்கும்போது அவன் கண்ணிலிருந்து வழிந்ததை அதிகாரி பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டா விசாரணை கிடையாது" என்றாள். "ஆனா கடன் அப்படியே நிக்கும். குறைச்சது, வட்டி எல்லாம் சேர்த்துக் கட்டணும்."

"குடுங்கம்மா, வாங்கிக்கறேன்."

வெளியே வந்ததும் கண்டக்டர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான். "நான் உள்ள போய்ச் சொல்லிடறேன் அண்ணி. அண்ணன் சம்பாதிச்ச வீடு."

"போனா ரெண்டு குடும்பம் தெருவுக்கு வரும். பேசச் சொன்னது நான். வீடு போனா என்னோட போகட்டும். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வீடு போய்விட்டது. தவணை நின்ற கொஞ்ச நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள், யாரோ வாங்கினார்கள். அவள் ஒரு தெருமுனையில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறைக்கு வாடகைக்கு வந்தாள். ஜன்னலே இல்லாத அறை. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தது கண்டக்டர்தான். அந்த ஆபீசுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவன் அவள் முன்னால் சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் தலையாட்டுவான், இல்லையென்றால் சும்மா நிற்பான். தன் குரலே அவளுக்குக் கேடு செய்ததாக நினைத்து அதை அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்தான்.

மிஷினை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினான்.

"தம்பி, ஏதாவது பேசிட்டுப் போ."

"என்ன பேச அண்ணி?"

அவள் சுவர் பக்கம் திரும்பி, துணி மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"எதையாவது பேசு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."