நைனா அடித்த ஒன்பது பெயர்கள்

பழவேற்காடு ஏரியில் குப்பனுக்குத் தெரியாமல் அவர் ஊர் வலை ஒன்றுகூடத் தண்ணீரில் இறங்காது. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பதைப் பாடு என்பார்கள். அந்தப் பாடு நோட்டு இருபது வருஷமாக அவர் கையில். மனிதர் கறார்ப் பேர்வழி. செத்தவர், மகனிடம் பாடு ஒப்படைத்தவர், வெளிவேலைக்குப் போனவர் எல்லார் பெயரிலும் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஒரு சிவப்புக் கோடு. போன வருஷம் முட்டிவலி வந்து மகன் தினகரனிடம் பாடு கொடுத்தபோது தன் பெயரையும் அப்படியே அடித்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த சுபஸ்ரீ டீச்சர் ஊருக்குப் புதுசு. மூன்று தடவை வந்தும் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆண்கள் ஏரியில், பெண்கள் மீன் கூடையோடு பொன்னேரி பஸ்ஸில். பாவப்பட்டு நோட்டை நீட்டியவர் குப்பன்தான். இதில் ஒரு தப்புக் கண்டுபிடித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவடாலும் விட்டார். டீச்சர் பக்கங்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், கோடு விழுந்தவரெல்லாம் செத்தவர் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

வரைவுப் பட்டியல் ஒட்டிய அன்று, உயிரோடு இருக்கும் ஒன்பது பேர் செத்துப்போயிருந்தார்கள். அதில் ஒருவர் குப்பன். ஊரே அவரை நைனா என்று கூப்பிடுவதால் டீச்சருக்கு அந்தப் பெயர் யாருடையது என்றே தெரியாது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் அழாத குறை. கோடு போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்ட குப்பன், பெயரைத் திரும்பச் சேர்ப்பதற்கான ஒன்பது ஃபாரத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் இந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டில்லை.

ஏழு பேர், செத்தவன் கையெழுத்து செல்லுமா என்று கிண்டலடித்துக்கொண்டே போட்டார்கள். தன்னுடையது போக மிச்சம் மாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போனவன். ஆறே மாதத்தில் திரும்பி வந்து கேட்டும் குப்பன் பாடு தரவில்லை. அன்றிலிருந்து அடுத்தவர் படகில்தான் பிழைப்பு.

மாரி ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கவர்மெண்டு பேரை அடிச்சா திருப்பி எழுத ஒரு ஃபாரம் கீது நைனா. நீ அடிச்சா அதுக்கு இன்னா ஃபாரம்?"

மாரி பதிலுக்குக் காத்திராமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு வந்த குப்பன், பெயர் சேர்க்க ஊர்க்கூட்டம் கூடும்வரைகூடப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்துக் கடைசி வரியில் மாரி என்று எழுதினார். ஊர் கேட்டால் கேட்கட்டும், தப்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.