காலியான சர்வரும் ஒரு சஸ்பென்ஷனும்

எங்கள் ஜெனரல் மேனேஜருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அதற்குச் செலவாகிறது. தேயிலை விலை விழுந்து, ஃபாக்டரிகள் பாதி வாரம் ஓடிப் பாதி வாரம் சும்மா கிடந்த வருடங்களில், அந்த ஒரு விஷயமே நிர்வாகத்துக்குப் போதும் என்று அவர் நினைத்தார். குன்னூர் தலைமை அலுவலகத்தில் முதலில் ஹீட்டரை நிறுத்தினார். பிறகு டீயோடு கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்தினார். அதன் பிறகு, எங்கள் ஃபாக்டரிகளின் கோப்புகள் எல்லாம் இருந்த வாடகைக் கிளவுடின் மேல் அவர் கண் விழுந்தது.

அங்கே சிஸ்டம்ஸ் பிரிவு என்பது நான் ஒருத்திதான். என்னைக் கூப்பிட்டார்.

"லினக்ஸ் ஃப்ரீதானேம்மா? நம்ம சர்வர்லயே கிளவுடு போட்டுக்கலாமில்ல?"

"சாஃப்ட்வேர் ஃப்ரீதாங்க சார். ஆனா பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வேணும். நல்ல யுபிஎஸ் வேணும்."

"ஃப்ரீங்கறே, உடனே கடைக்கு அனுப்பறே" என்று சிரித்தார். அடுத்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து பிரசன்னா என்ற கன்சல்டன்டை வரவழைத்தார். ஜி.எம்.மின் மச்சினரோடு படித்தவர் என்பது அவருடைய முதல் தகுதி. இரண்டாவது தகுதியை நான் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

இலவசம்

பிரசன்னா கோட்டு போட்டுக்கொண்டு வந்து ஒரே நாளில் இன்ஸ்டால் செய்தார். வேகத்தில் குறை சொல்ல முடியாது. சர்வரின் சொந்த டிஸ்க் சிறியது என்பதால், கோப்புகளுக்கென்று வெளியே ஒரு பெரிய டிஸ்கைக் கேபிளில் மாட்டினார். சர்வர் எழும்போது எந்த டிஸ்கை எங்கே இணைக்க வேண்டும் என்பதை எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் எழுதி வைப்போம். டிஸ்குக்கென்று ஒரு நிரந்தர அடையாள எண் உண்டு. அதைத்தான் எழுத வேண்டும். அவர் அன்றைக்கு அதற்கு வாய்த்திருந்த பெயரை எழுதினார். டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சர்வர் பேசாமல் எழுந்துகொள்ளட்டும் என்றும் சேர்த்து எழுதினார்.

"பெயர் மாறிடுங்க. நம்பரைப் போடுங்க" என்றேன்.

"ஏனுங்க மேடம், நான் எத்தனை கம்பெனிக்குப் போட்டிருக்கேன் தெரியுங்களா?"

எத்தனை கம்பெனிகள் இன்னும் ஓடுகின்றன என்று கேட்க நினைத்தேன். ஜி.எம். பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

அழிக்கவா, வைத்துக்கொள்ளவா

சேரம்பாடிப் பக்கத்து ஃபாக்டரி அப்போது உயிரோடு இருந்ததே வெளிநாட்டு ஆர்டர் ஒன்றால்தான். அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் வருவதாக இருந்தது. மருந்து தெளித்த விவரங்கள், லேப் ரிப்போர்ட்டுகள், ஃபாக்டரிப் படங்கள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக் கிளவுடில் ஏற்றியவள் அங்கே கிளார்க்காக இருந்த அமுதா. சிலோன் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர்கள் இருந்த தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் குன்னூரில் நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் எங்களுடைய எமரால்டு ஃபாக்டரியில் எடை மெஷின் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சர்வர் விழுந்து எழுந்தபோது டிஸ்கின் பெயர் மாறிவிட்டது. டிஸ்க் இணையவில்லை. கிளவுடு சாஃப்ட்வேர் கதவைத் திறக்க மறுத்து, கோப்புகள் இருக்கும் இடம் சரியாக இல்லை, தான் அங்கே வைத்திருந்த அடையாளக் கோப்பைக் காணோம் என்று தெளிவாகச் சொன்னது. அதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் பேச முடியாது.

ஜி.எம். எனக்குப் போன் செய்யவில்லை, பிரசன்னாவுக்குச் செய்தார். அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே சர்வருக்குள் வந்தார். செய்தியை வாசித்தாரோ இல்லையோ, அதன் வாயை அடைக்க இன்டர்நெட்டில் வழி தேடினார். காணாமல் போன அடையாளக் கோப்பை அவரே வெறுமனே உண்டாக்கி வைத்தார். சாஃப்ட்வேர் நம்பித் திறந்துகொண்டது. பிறகு எல்லாவற்றையும் மறுபடி எண்ணச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். அது காலி அறையை எண்ணிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பதிந்துகொண்டது.

கிளவுடில் இருப்பதன் நகல் அமுதாவின் கம்ப்யூட்டரிலும் இருக்கும்; உடனே சேரம்பாடியில் அவள் திரையில் ஒரு கேள்வி வந்தது. சர்வரில் கோப்புகள் எல்லாம் போய்விட்டன, இங்கேயும் அழிக்கவா, வைத்துக்கொள்ளவா? அவள் பயந்து பிரசன்னாவுக்குப் போன் செய்தாள்.

"டெலீட் குடுங்க. ஃப்ரெஷ்ஷா வந்துடும்" என்றார் அவர்.

கொடுத்தாள். எதுவும் வரவில்லை. ராத்திரி எனக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

டிஸ்க் டெட்

மறுநாள் நான் பஸ் பிடித்துக் குன்னூர் ஆபீசுக்கு வந்தபோது ஆடிட்டர் கெஸ்ட் ஹவுசில் மதியச் சாப்பாட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் கோப்புகளைக் காட்டியாக வேண்டும். சர்வர் அறையில் ஜி.எம்.மும், காலையிலேயே காரில் மலையேறி வந்திருந்த பிரசன்னாவும் நின்றார்கள்.

"சேரம்பாடிப் பொண்ணு எல்லாத்தையும் அழிச்சுட்டா. காலையிலேயே சஸ்பெண்ட் பண்ணிட்டேன்" என்றார் ஜி.எம். ஆள் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம். கிடைத்த காரணத்தைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"வெளி டிஸ்கும் டெட்டுங்க மேடம். ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்" என்று பிரசன்னா கட்டளையைப் பாதி அடித்திருந்தார். நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

எந்தெந்த டிஸ்க் எங்கே இணைந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கட்டளை போதும். பார்த்தேன். பெரிய டிஸ்க் இணைப்பிலேயே இல்லை. ஆனால் அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வேறு பெயரில் பட்டியலிலும் இருந்தது. எதுவும் எழுதிவிடாதபடி, படிப்பதற்கு மட்டும் தனியாக இணைத்துப் பார்த்தேன். லேப் ரிப்போர்ட், ஃபாக்டரிப் படங்கள், அமுதா வைத்த பெயர்களோடு எல்லாமே இருந்தன. பிரசன்னா முந்தின நாள் அடித்த கட்டளைகளும் சர்வரில் வரிசையாகப் பதிவாகியிருந்தன.

"கோப்பு அத்தனையும் இருக்குங்க சார். சர்வர் காலியான பிறகுதான் அமுதாகிட்ட அந்தக் கேள்வியே வரும். காலி பண்ணினது யாருன்னு இவரைக் கேளுங்க. டெலீட் குடுக்கச் சொன்னதும் யாருன்னு கேளுங்க."

பிரசன்னா தன் செல்போனை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

"அதெல்லாம் அப்புறம். சீக்கிரம் போடும்மா, ஆடிட்டருக்கு பாயசம் வந்தாச்சாம்" என்றார் ஜி.எம்.

"போடறேங்க சார். முதல்ல அமுதாவோட சஸ்பென்ஷனை எடுங்க."

"அது அட்மினிஸ்ட்ரேஷன் விஷயம். உனக்கென்ன?"

நான் கை இரண்டையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் பிரசன்னாவைப் பார்த்தார். பிரசன்னா ஜன்னலைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல் ஜி.எம். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அமுதாவா? அது ஏதோ டெக்னிக்கல் மிஸ்டேக்காம். நீ நாளைக்கு வந்துடு."

மழைச் சத்தத்துக்கு நடுவே அமுதாவின் குரல் வந்தது.

"சார், மெமோவ காலையில பேர் கூப்பிடற மஸ்டர்ல எல்லாருக்கும் முன்னால வாசிச்சுத்தான் குடுத்தாங்க. எங்கம்மாவும் அங்கதான் நின்னுச்சு. கேன்சல்னு எழுதி அனுப்புங்க சார். அதையும் மஸ்டர்ல வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

நான்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று ஜி.எம். என்னை முறைத்தார். எனக்கே அது புதிது. எழுத்தில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டெனோ லீவில் இருந்தார். அதனால் ஜி.எம். தன் ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, வருந்துகிறோம் என்று முடியும் மெயிலைத் தானே அடித்து அனுப்பினார். அது போனதைப் பார்த்துவிட்டுத்தான் கையை வெளியே எடுத்தேன். டிஸ்கின் எண்ணை எஃப்எஸ்டேப்பில் எழுதி, இணைத்து, மறுபடி எண்ணச் சொன்னேன். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆடிட்டர் ஏப்பம் விட்டபடி வந்து உட்கார்ந்து, இரண்டு சில்லறைக் குறைகளைச் சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

பிறகு தோட்டக்காரர்கள் கூடும் கிளப்பில் ஜி.எம்., கம்பெனிக்குச் சொந்தக் கிளவுடு வைத்த கதையைப் பல மாதம் சொன்னதாகக் கேள்வி. பிரசன்னாவை அங்கே அந்தக் கதை கேட்ட இன்னொரு எஸ்டேட்காரர் கூட்டிப் போனார். எனக்குப் பேக்கப் டிஸ்க் வந்தது. யுபிஎஸ் வரவில்லை.

மஸ்டரில் நடந்ததை அமுதாவே சொன்னாள். உத்தரவை வாசித்த ஆபீசர் கடைசி வரியை விழுங்கிவிட்டு மடித்திருக்கிறார். "ஒரு வரி விட்டுட்டீங்க சார்" என்று இவள் சொல்ல, தாளைத் திரும்ப விரித்து, வருந்துகிறோம் என்பதையும் வாசித்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் பிழை என்று சொன்னால் அதை முழுதாக வாசியுங்கள். புரியவில்லை என்றால் எதையும் தொடாதீர்கள். ஒரு மனிதர் மேல் பழி போடச் சொல்கிறார்களா, அதற்கு முன் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காத முதலாளிகளுக்குப் பஞ்சமே வராது, தேயிலைக்கு விலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.