முதலில் கொடி

பெர்னாட் சார் போய்விட்டார் என்ற செய்தி உங்களில் பல பேருக்கு என் போனிலிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு நம் ஸ்கூட்டர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: "சார் இறந்துட்டாங்க." முதலில் வந்தவை மூன்று சிரிப்புப் பொம்மைகள். அடுத்து, பழைய பேட்ச் ஷாஹிதா அக்காவின் குரல்: "ஏய் வாலு, சாவுலயா விளையாடுவ? போனை உங்கம்மாகிட்ட குடுடி." கொடுத்தேன். அம்மாவுக்கு அழுகைதான் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நம்பினார்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. "நாளை பட்டுப்புடவையில் வருபவர்களுக்கு மட்டும் வகுப்பு, புகைப்படம் எடுக்கப்படும்" என்று அதற்கு முந்தின மாதம் இதே குழுவில் சார் சொன்னதாகப் போட்டவள் நான்தான். நான்கு பேர் பட்டுப்புடவையில் வந்தார்கள். அவர்களில் ஹேமா மாமியும் ஒருவர். சர்ச்சில் முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கிற இந்தத் தாளுக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அதே மாமிதான். "உனக்குத்தான் வாய் காவேரிப் பாலம் நீளத்துக்கு இருக்கோல்லியோ, நீயே எழுதுடீ. ஆனா ஒரு வரி பொய் இருக்கப்படாது." சரி மாமி. இல்லை.

சாரைத் தெரியாமல் இந்தத் தாளைக் கையில் வாங்குகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சார் பாலக்கரைக்காரர். துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பைக் ரேஸ் என்றால் அவருக்கு உயிர், ஆனால் ஒரு ரேஸில்கூட ஓட்டியதில்லை. ரேஸ் நடக்கிற ஊருக்கெல்லாம் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போவார். ஏதாவது ஒரு வளைவில், வெயிலில், கொடி காட்டுகிற ஆளாக நிற்பார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, மெதுவாக வா. நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார், வழி விடு. சிவப்பு என்றால் எல்லோரும் நில். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது என்றால் முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படி நின்றார். கிடைத்தது சாப்பாட்டுப் பொட்டலமும் டி-ஷர்ட்டும். "இவரு கட்சிக் கொடியைப் பிடிச்சிருந்தா இந்நேரம் கவுன்சிலராவது ஆகியிருப்பாரு" என்பது அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டியின் நிரந்தரக் குறை.

பட்டறையை மூடிவிட்டார்கள். சார் வேறு வேலை தேடவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் பின்பக்க மைதானத்தைப் பேசி எடுத்து, ஆறு பழைய ஸ்கூட்டர்களை வாங்கிப் போட்டு, பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தார். பழைய டயர்களுக்கு வெள்ளையடித்து வளைவு வளைவாக அடுக்கினார். ஒவ்வொருவருக்கும் முதுகில் நம்பர். ஆன்ட்டி தன் பழைய புடவைகளைக் கிழித்து நான்கு கொடிகளும் தைத்துக் கொடுத்தார். முகூர்த்த நாளில் மண்டபத்துக்குக் கார்கள் வந்துவிடும், வகுப்பு கிடையாது. பஞ்சாங்கம் பார்த்து நடந்த ரேஸ் ட்ராக் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். சமையல்கட்டுக்குப் பக்கத்தில் அண்டா கழுவிய தண்ணீர் ஓடி வழுக்கும் திருப்பத்துக்கு சாம்பார் வளைவு என்று பெயர் வைத்தது நான். சாருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிறகு அவரே, "அஞ்சாம் நம்பர், சாம்பார்ல பிரேக்கைப் பிடிக்காதீங்க!" என்று கத்த ஆரம்பித்தார்.

ஐந்தாம் நம்பர் என் அம்மா. லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. வீடு வீடாகப் போய் எடுக்க ஆள் வேண்டும், வண்டி ஓட்டத் தெரிந்தால் அந்த வேலை உனக்கு என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு ஊசி என்றால் பயமில்லை, ஸ்கூட்டர் என்றால் பயம். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பிளஸ் டூ படிக்கிற பெண்ணை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பிக் கூட்டிப் போனால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பெர்னாட் சாருக்கு 'பிரேக்நாட்' சார் என்று பெயர் சூட்டினேன். ஹெல்மெட்டுக்குள் மிக்சர் போட்டு வைத்தேன். சாருக்கு என்னைப் பிடிக்காது. அதை அவர் ஒளித்ததும் இல்லை. "உங்க பொண்ணுக்கு நான் தனியா ஃபீஸ் குடுக்கறேங்க, வீட்டுலயே வச்சுக்கங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

இரண்டாவது ஞாயிறு அது நடந்தது. சார் ஒரு வண்டியின் கேபிளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். கொடிகளைப் போட்டு வைக்கிற பெயிண்ட் டப்பா மைதான ஓரம் இருந்தது. நான் சிவப்பை உருவி, சுவர்மேல் ஏறி நின்று ஆட்டினேன். பதறிப்போய் எல்லோரும் பிரேக்கை அழுத்தினார்கள். ஹேமா மாமி வண்டியோடு சாய்ந்தார். முழங்கை தோல் உரிந்து ரத்தம். மாமி என்னைத் திட்டியதைக் கேட்டிருந்தால் ரங்கநாதரே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

சார் திட்டவில்லை. மாமியின் கையைக் கழுவி மருந்து வைத்துவிட்டு எல்லோரையும் நிழலில் உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் நின்ன வளைவுல ஒரு பையன் விழுந்தான். எனக்கு அது ரெண்டாவது வருஷம். பாவம்னு கொடியைக் கீழ போட்டுட்டு ஓடினேன். அவன் கையைப் பிடிச்சுத் தூக்கறேன். பின்னாடி வர்றவங்களுக்குக் கொடி தெரியல. மொத வண்டி ஒதுங்கிப் போயிருச்சு. ரெண்டாவது வண்டி அவன்மேல ஏறிருச்சு. எனக்கு ஒரு கீறல் இல்லை. பத்தொம்பது வயசுங்க அவனுக்கு. கை என் கையிலதான் இருந்துச்சு."

சார் தொடர்ந்தார். "அதுக்கப்புறமும் அதே வளைவுலதான் வருஷா வருஷம் நின்னேன். ஒரு தடவைகூட முதல்ல ஓடல. முதல்ல கொடி. அப்புறம்தான் ஓட்டம்."

அன்றோடு என்னை விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவர் செய்தது வேறு. சிவப்புக் கொடியை என் கையில் கொடுத்தார். "இந்தப் பொண்ணு எப்ப வேணாலும் காட்டும். விளையாட்டுக்கும் காட்டும். நீங்க நிக்கணும். யார் கையில இருக்குன்னு பாக்காதீங்க, கொடியைப் பாருங்க."

"இதென்ன சார் அநியாயம்? குரங்கு கையில குடுத்துட்டு எங்களை நில்லுங்கறேள்!" என்றார் மாமி.

"போன வாரம் கொடி பொய் சொல்லிருச்சு மாமி. இனிமே நிஜமாவே காட்டினாலும் 'அந்த வாலு வேலையா இருக்கும்'னு நீங்க ஒரு செகண்டு யோசிப்பீங்க. அந்த ஒரு செகண்டை உங்ககிட்டேருந்து எடுக்கணும்."

முதல் நாள் பதினொரு தடவை காட்டினேன். பதினொரு தடவையும் நின்றார்கள், பதினொரு தடவையும் திட்டினார்கள். அம்மா திட்டியதுதான் அதிகம். அடுத்த ஞாயிறு ஆறு தடவை. அதற்கடுத்த ஞாயிறு இரண்டு. கேள்வி கேட்காமல் எல்லோரும் நின்றுவிட்டால் குறும்பில் ருசி போய்விடுகிறது. நானே கொடியைக் கொண்டுபோய் டப்பாவில் போட்டேன். சார் தலையை மட்டும் ஆட்டினார்.

சார் போன அந்த ஞாயிறு அம்மாவுக்கு ஒன்பதாவது வகுப்பு. பத்தாவதில் கட்டம் போட்ட கொடி காட்டுவார், படிப்பு முடியும். சார் காலையிலிருந்தே இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேஸ் என்றார். சோடா வாங்கிக் குடித்தார். "என்ன சார், இன்ஜின்ல ஏர் லாக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சொன்ன நகைச்சுவைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான். அது நகைச்சுவை இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பொய் கூடாது என்று மாமி சொல்லியிருக்கிறார்.

ஆறு வண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சாம்பார் வளைவு தாண்டி ஒரு டயர் நகர்ந்திருந்தது. அதைத் தள்ளி வைக்கச் சார் பாதைக்குள் போனார். குனிந்தார். அப்படியே உட்கார்ந்தார். பிறகு படுத்துவிட்டார். சமையல்கட்டுச் சுவர் மறைப்பதால், வளைவு திரும்புகிற வரை வண்டியில் வருகிறவர்களுக்கு அவர் தெரியமாட்டார்.

நான் சுவர்மேல் இருந்தேன். குதித்தேன். எனக்கு வலது பக்கம் சார், பத்துப் பதினைந்து அடி. இடது பக்கம் பெயிண்ட் டப்பா, அதே தூரம்.

நான் இடது பக்கம் ஓடினேன்.

சிவப்பை எடுத்து, வளைவுக்கு முன்னால் போய் நின்று ஆட்டினேன். முதலில் வந்தது அம்மா. என்ன ஏது என்று கேட்கவில்லை, நின்றார். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடைசியாக மாமி. ஆறு வண்டியும் நின்றன. ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் சாரிடம் ஓடினேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அம்மா அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ்காரருக்கு வழி தெரியவில்லை என்றதும், அதுவரை ரோட்டில் இறங்காத மாமி வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போய் அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தார். "நான் கொஞ்சம் முன்னாடியே அவர்கிட்ட போயிருந்தா?" என்று அவரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் யோசிக்காதம்மா" என்றார். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பதில் இல்லாத இடத்தில் பெரியவர்கள் வைக்கிற வார்த்தை அது.

அடக்கம் முடிந்த மறுவாரம் பாலக்கரையில் சார் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா ஆன்ட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொன்னேன். முதலில் கொடியிடம் ஓடியதையும் சொன்னேன். ஆன்ட்டியின் கையில் முறம் நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம் ஆச்சு, நீ அவருகிட்ட போக?"

"தெரியல ஆன்ட்டி. அரை நிமிஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

முறத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அவரு இருந்தா உன்னை மெச்சியிருப்பாரு. வீட்டுக்கு வந்து நாலு தடவை சொல்லியிருப்பாரு. நான் மெச்ச மாட்டேன்மா. என்னால முடியாது."

நான் எழுந்தேன். ஆன்ட்டி உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்புக் கொடி. கட்டம் போட்டதைப் பெட்டிக்குள் அவர் நெஞ்சின்மேல் வைத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "அது முடிஞ்சவருக்கு. இது எனக்கு வேணாம். இதைப் பாத்தா உன் அரை நிமிஷம்தான் ஞாபகம் வருது. நீயே வச்சுக்க."

அம்மா இரண்டு வாரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு லைசென்ஸ் வாங்கி, ஒரு காலையில் லேப் பையை மாட்டிக்கொண்டு லேப் கொடுத்த வண்டியில் கிளம்பிவிட்டார். பத்தாவது வகுப்பு நடக்கவில்லை, அவருக்குக் கட்டம் போட்ட கொடி யாரும் காட்டவில்லை. லைசென்ஸைப் பார்த்து, "பாஸாயிட்டீங்களே!" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "இல்லைங்க, இன்னும் ஒரு கிளாஸ் பாக்கி இருக்கு" என்றார் அம்மா. சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் சிவப்பு விழுந்தால் எதிரில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்கிறார். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்க்கிறார். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பானால் திரும்பி நாக்கைத் துருத்தியிருப்பேன்.

சாரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தச் சிவப்புத் துணி. அதோடு இன்னொன்று. ஆறாவது வண்டியும் நின்றபோது மைதானத்தில் ஒரு அமைதி வந்தது. சமையல்கட்டுக் குழாய் சொட்டியது கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சாரின் கண் திறந்துதான் இருந்தது. ஒரு வண்டியின் சத்தமும் இல்லை என்பது அவர் காதில் விழுந்திருந்தால், முதலில் கொடியைத்தான் காட்டினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. நின்ற ஆறு பேரே, உங்களுக்கும் தெரியாது. ஆன்ட்டி மெச்ச வேண்டாம். அந்த அரை நிமிஷத்தை நான் யாரிடமும் தள்ளிவிடப் போவதில்லை. அதை நானே வைத்துக்கொள்கிறேன்.