பாசிட்டிவ் வரணும்னு வேண்டிக்கிட்டேன்

முருகனடியார் எல்லாருக்கும் வணக்கம். நம்ம கிருத்திகை பஜனையில தாளம் தப்பாத் தட்டுறது யாருன்னு திரும்பித் திரும்பிப் பாப்பீங்களே, அது நான்தான். மந்தைவெளியில வீடு. தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல நிக்கிறேன்.

போன ஆடித் தள்ளுபடி சமயம். ஒரு அம்மாவுக்குச் சேலையை என் தோள்லயே போட்டுக் காட்டப் போனேன். கை பாதியில நின்னுடுச்சு. வலி இல்ல. கை என்னோடதே இல்லாத மாதிரி இருந்துச்சு.

"என்னண்ணே, கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்படுறீங்க?"ன்னான் பக்கத்துல நின்ன சங்கர். நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள சில்லுன்னு ஆயிடுச்சு.

அப்புறம் வறட்டு இருமல். துணித் தூசின்னு நினைச்சேன். இத்தனை வருஷமா தின்ன தூசி, இப்பவா கோவிச்சுக்கும்? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். ஸ்கேன்ல ரெண்டு நுரையீரலுக்கும் அடியில வெள்ளையாப் படர்ந்திருந்துச்சு. நிமோனியான்னு மருந்து குடுத்தாங்க, கேக்கல. டிபியான்னு பாத்தாங்க, இல்ல.

என் வீட்டுக்காரி செல்விக்கு ஒரு பழக்கம். எந்த ரிப்போர்ட் வந்தாலும் முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சு, விபூதி பூசி, "நெகட்டிவ்னு வரணும்ப்பா"ன்னு கும்பிட்டுட்டுதான் கவரைப் பிரிப்பா. அச்சடிச்சு ஒட்டினப்புறம் முருகன் என்ன பண்ணுவாருன்னு நான் கேட்டதில்ல. நானும் கூட நின்னு கும்பிட்டவன்தான்.

நம்ம உடம்பே நம்ம உடம்பைத் தாக்குதான்னு பாக்குற ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தாங்க. நெகட்டிவ். செல்வி சக்கரைப் பொங்கல் வெச்சு ஃப்ளாட் முழுக்கக் குடுத்தா. ஒவ்வொரு வாய்க்கும் இருமிக்கிட்டே நானும் சாப்பிட்டேன்.

அந்த வாரமே தலை சீவக் கை எழும்பல. சீவுறதுக்கு அங்க பெருசா ஒண்ணும் இல்ல, அதனால யாரும் கண்டுக்கல. சோபாவுல இருந்து எழுந்திரிக்க ஆள் வேணும். தண்ணி புரையேறும். ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருந்துச்சு, நான் செத்துக்கிட்டு இருந்தேன்.

செல்வியோட மயிலாப்பூர்ல கோயிலுக்குப் போனேன். தலைக்கு மேல கை தூக்கிக் கும்பிட முடியல. நெஞ்சோட கூப்பிக்கிட்டு வாய்விட்டே கேட்டேன்: "முருகா, ஒண்ணும் இல்லன்னு சொல்லாதே. உள்ள இருக்கிறதைக் காட்டிக் குடு. பாசிட்டிவா வரட்டும்."

செல்விக்கு வந்துச்சே கோவம். "சந்நிதியில வந்து நோய் கேக்க ஆளை இப்பதான் பாக்கேன்! வாயைக் கழுவுங்க!" திட்டும்போது மட்டும் அவளுக்குத் திருநெல்வேலி வந்துடும். திட்டிட்டு அழுதா.

அடுத்த வாரம் அடையாறுல ஒரு டாக்டரம்மாகிட்ட அனுப்புனாங்க. கடைப் பழக்கம், உள்ள நுழைஞ்சதும் ரெண்டு கையும் கூப்பினேன். அவங்க பதிலுக்குக் கும்பிடல. என் கையைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பினாங்க. விரல் ஓரமெல்லாம் சொரசொரன்னு வெடிச்சிருந்துச்சு.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ரொம்ப நாளா மேடம். பட்டு நூலை இழுக்குதுன்னு முதலாளி திட்டுறார். எண்ணெய் தடவினா கறைன்னு திட்டுறார்."

அவங்க சிரிக்கல. "அந்த நெகட்டிவை நம்பி இருக்காதீங்க. இந்த விரல் வெடிப்பைப் பாத்தா எனக்கு ஒரு நோய்மேல சந்தேகம், அது அந்த டெஸ்ட்ல சில சமயம் மாட்டாது. இதுக்குன்னே தனி ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு. லேட் ஆனா நுரையீரல் தழும்பாயிடும். தழும்பு திரும்பாது."

ரத்தம் குடுத்துட்டுக் காத்திருந்தோம். வீட்ல என் மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு.

ரிப்போர்ட் வந்துச்சு. ஜோ-1 ஆன்டிபாடி, பாசிட்டிவ். தசையையும் நுரையீரலையும் சேத்து வீங்க வைக்கிற அபூர்வமான நோயாம். ஜோன்னு ஏதோ காமெடியன் பேரு மாதிரி இருக்கேன்னு சொல்ல வந்தேன். சொல்ல முடியல, தேம்பித் தேம்பி அழுதேன். செல்வி காகிதத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

அன்னிக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, அப்புறம் இன்னொரு மருந்தும். மூஞ்சி பூசணிக்காய் ஆச்சு. ஆனா கை மெல்ல எழும்புச்சு. போன கிருத்திகைக்குத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டேன்.

முழுசா சரியாயிட்டேன்னு சொன்னா பொய். அடி நுரையீரல்ல கொஞ்சம் தழும்பாயிடுச்சு. மருந்தை விட்டா திரும்ப வரும்னு சொல்லியிருக்காங்க. அந்த பயம் கூடவேதான் இருக்கு.

உங்கள்ல யாருக்காவது ரிப்போர்ட் நல்லா இருந்து உடம்பு நல்லா இல்லன்னா, தயவுசெஞ்சு திரும்ப டாக்டர்கிட்ட போங்க. முருகன்கிட்ட, கேக்கவே பயப்படுற அந்த ஒண்ணைத் தைரியமாக் கேளுங்க. நான் கேட்டேன், காட்டினான். மூச்சு முன்ன மாதிரி இல்ல, கம்மிதான். இருக்கிற வரைக்கும் அவன் பேரைச் சொல்ல அது போதும்.