திறப்புக் கணக்கு

கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததும் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கை காலியாகத் தொடங்கியது. யாழ்ப்பாண ரயிலுக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். நான் துறைமுகக் கிளாக்கர். யுத்தச் சட்டப்படி வேலையை விட்டுப் போனால் மறியலில் அடைத்துவிடுவார்கள்.

"ஓட ஏலாத மனுசனிட்டைத் திறப்பைக் குடுத்தாத்தான் எங்களுக்கு நித்திரை வரும்," என்றார் எதிர்வீட்டுக்காரர். சிரித்தேன். வேறென்ன செய்வது?

முப்பத்திரண்டு வீடுகள். முதல் கிழமை எட்டுத் திறப்புகள் வந்தன, அடுத்த கிழமை ஆறு, அதற்கடுத்த கிழமை நாலு. பயம் தணிகிறது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடைபாதையில் வாங்கிய பழைய அல்ஜிப்ராப் புத்தகத்தில் நானே படித்த பாடம் இது: ஒவ்வொரு கிழமையும் மிச்சமிருப்பதில் ஏறத்தாழ காற்பங்கு போகிறது. மிச்சம் சுருங்கச் சுருங்க அந்தக் காற்பங்கும் சுருங்குகிறது, அவ்வளவுதான். கட்டத்தாளில் கோடு போட்டேன். அது சரிந்துகொண்டே போனது, ஆனால் அடியைத் தொடவில்லை.

மனைவியின் வயிற்றில் எங்கள் தலைப்பிள்ளை. பிள்ளை பிறக்க ஐந்து கிழமை இருந்தது. தனியாக ரயிலேற மாட்டேன் என்று நின்றாள். தாளை அவளிடம் காட்டினேன்.

"பயப்பிடாதையும். பிள்ளை பிறக்கிற நேரத்திலையும் மூண்டு வீட்டிலை ஆக்கள் இருப்பினம்."

"அதிலை ஒண்டு எங்கடை வீடு. மற்ற ரெண்டிலை மருத்துவிச்சி அக்கா வீடு இருக்குதோ?"

எத்தனை வீடு என்றுதான் கோடு சொல்லும். எந்த வீடு என்று அதற்கு எப்படித் தெரியும்? எதுவும் கட்டிப்போடாதவர்கள் எல்லாம் முன்னமே போய்விட்டார்கள். மிஞ்சப்போவது என்னைப் போன்றவர்கள். மருத்துவிச்சியை இங்கே எது கட்டிப்போட்டிருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமையே மருத்துவிச்சி அக்கா திறப்போடு வந்து நின்றார். மனைவி கையை நீட்டவில்லை.

"நீங்கள் போனா நான் ஆரிட்டை அக்கா போறது?"

"ஆரிட்டையும் போகாதை. என்னோடை வா. அவர் துறைமுகத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் அவளுடைய பெட்டியை இறக்கினேன்.

அடுத்த நாள் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டேசன் வரைகூடப் போக முடியவில்லை. ஒழுங்கை முனையிலேயே இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். மாதங்கள் கழித்து லீவு கிடைத்து யாழ்ப்பாணம் போய் மகளை நான் முதன்முதலாகக் கண்டபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தூக்கப் போனேன், வீரிட்டு அழுதுகொண்டு மருத்துவிச்சியின் மடிக்கே தவழ்ந்து போனாள்.